சித்தி பையன் பில்லுக்கு என் போன் அடித்த கதை

உறவினர் வைத்த பாக்கிக்குக் கடன் வசூல் ஏஜென்சி நம்மைக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று, அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக எழுதுகிறேன். கனடா, லண்டன் பக்கம் சட்டம் வேறு. அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை காலை, தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன். ஒரு பெண், ரொம்ப மரியாதையாக, என் சித்தி பையனின் முழுப்பெயரைச் சொல்லி, அவனை எந்த நம்பரில் பிடிக்கலாம் என்று கேட்டார். என்ன விஷயம் என்றேன். அவருடைய சொந்த விஷயம் என்றார். நமக்கு வாய் சும்மா இருக்குமா? டல்லாஸில் படிப்பு முடிந்தது, சியாட்டில் போய்விட்டான், இன்ன கம்பெனியில் வேலை என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். கல்லில் இருந்த தோசை கருகியதுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை அதே இடத்திலிருந்து ஒரு ஆண் குரல். "உங்கள் தம்பி பில் பாக்கி வைத்திருக்கிறார். நீங்கள் கட்டிவிட்டால் அவர் கிரெடிட் கெடாது." சித்திக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பர்ஸைத் திறந்து கார்டைக்கூட எடுத்துவிட்டேன். என் மனைவிதான், "யார் பில்? பேப்பர் எங்கே?" என்று கேட்டுப் போனை வைக்கச் சொன்னாள்.

முதல் போன் சட்டப்படி சரி, இரண்டாவது தப்பு. கடன் வசூல் ஏஜென்சிகளுக்கென்று 1977-லிருந்தே மத்திய அரசின் சட்டம் இருக்கிறது. அதன்படி உறவினரைக் கூப்பிட்டு ஆளின் வீட்டு முகவரி, வீட்டு போன் நம்பர், வேலை செய்யும் இடம் ஆகிய மூன்றை மட்டும் கேட்கலாம். அவருக்குக் கடன் இருக்கிறது என்று உங்களிடம் சொல்லக் கூடாது. நீங்களே மறுபடி கூப்பிடச் சொன்னாலோ, நீங்கள் முதலில் சொன்ன தகவல் தப்பு அல்லது பாதிதான் என்று நம்பக் காரணம் இருந்தாலோ ஒழிய, ஒருவரை ஒரு தடவைக்கு மேல் கூப்பிடவும் கூடாது. அந்தப் பெண் "சொந்த விஷயம்" என்று மழுப்பியதற்குக் காரணம் இதுதான். எந்தக் கம்பெனி என்று நாமாகக் கேட்டால்தான் பெயரைச் சொல்வார்கள். அதனால் கேளுங்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் உங்களுக்கு இல்லை. "அவரிடம் சொல்கிறேன், இனி இந்த நம்பருக்குக் கூப்பிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம்.

கணவன் மனைவி விஷயம் வேறு. அவர்களிடம் கடனைப் பற்றியே பேசலாம். நீங்கள் கோ-சைன் போட்ட, அதாவது கூடவே கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்ற கடன் என்றால் நீங்களும் கடன்காரர்தான், அங்கே உறவினர் என்ற பேச்சே கிடையாது. இன்னொன்று, இந்தச் சட்டம் பெரும்பாலும் வெளி ஏஜென்சிகளைத்தான் கட்டுப்படுத்தும். ஆஸ்பத்திரியோ வங்கியோ நேராகக் கூப்பிட்டால் அந்தந்த மாநிலச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, அவன் பில் என்ன ஆனது? கால் பிசகி எமர்ஜென்சிக்குப் போனவன், ஆஸ்பத்திரி பில்லை இன்சூரன்ஸ் கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டான். இங்கே டாக்டர், எக்ஸ்ரே, ஆம்புலன்ஸ் எல்லாம் தனித்தனி பில்லாக வரும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? ஆம்புலன்ஸ் பில் பழைய அபார்ட்மெண்டுக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. போஸ்ட் ஆபீஸில் முகவரி மாற்றம் கொடுக்கவில்லை. முதல் தொடர்புக்குப் பின் ஐந்து நாளுக்குள் ஏஜென்சி கடன் விவரத்தை எழுத்தில் தர வேண்டும். அது கைக்கு வந்து 30 நாளுக்குள், ஏற்கவில்லை, ஆதாரம் கொடு என்று எழுதிவிட்டால் ஆதாரம் தரும்வரை வசூலை நிறுத்தியாக வேண்டும். சர்டிஃபைடு மெயிலில், பெற்றதற்கான ரசீதோடு அனுப்பினான். கடைசியில் பார்த்தால் ஆம்புலன்ஸ்காரர்கள் இன்சூரன்ஸுக்கு அனுப்பவே இல்லை. நான் அன்று கார்டு நம்பர் கொடுத்திருந்தால் அந்தப் பணம் போனது போனதுதான்.

"போலீஸ் வரும், விசா போய்விடும், கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரைச் சொல்" என்று மிரட்டினால் அது மோசடி. ஆஸ்பத்திரி பில் கட்டாததற்கு இங்கே ஜெயில் கிடையாது, பாக்கி இருக்கிறது என்பதற்காக மட்டும் விசா போவதும் இல்லை. ஆனால் கோர்ட் சம்மன் வந்தால் அதைக் குப்பையில் போடாதீர்கள். பதில் சொல்லாமல் விட்டால் தீர்ப்பு அவர்கள் பக்கம் போய்விடும், அப்புறம் பல மாநிலங்களில் சம்பளத்திலேயே கை வைப்பார்கள். பல வருடப் பழைய கடன் என்றால் "இப்போதைக்கு ஐம்பது டாலர் போடுங்கள்" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். சில மாநிலங்களில் அந்த ஐம்பதே வழக்குக் காலக்கெடுவை மறுபடி முதலிலிருந்து ஓடவிடும். தொல்லை தொடர்ந்தால் சிஎஃப்பிபி (மத்திய அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு) தளத்தில் புகார் கொடுக்கலாம், இலவசம்தான்.

என் நம்பர் அவர்களுக்கு எப்படிப் போனது என்று யோசித்ததில், ஆஸ்பத்திரி படிவத்தில் எமர்ஜென்சி கான்டாக்ட் என்று அவன் என்னைப் போட்டிருந்தது தெரிந்தது. அதனால் பணப்பொறுப்பு வராது. ஆனால் அதே படிவத்தில் 'கேரண்டார்' என்று ஒரு கட்டம் இருக்கும், அது பணம் கட்டும் பொறுப்பை ஏற்பவருக்கானது. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போகும் பதற்றத்தில் நம்மவர்கள் அங்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பணம் கட்டுவீர்களா என்று கேட்டுக்கொண்டு எமர்ஜென்சி சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 1986-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கட்டத்தின் தலைப்பைப் படிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.