அலிசரின் சாயம் ஏமாற்றுகிறது, வழி சொல்லுங்கள்

மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் செல் வளர்ப்பு வேலை தெரிந்த அண்ணன்மாரே, அக்காமாரே, உதவி வேணும்.

பிரண்டையின் எத்தனால் சாறு எலும்பு செல்களைத் தூண்டுகிறதா என்று பார்க்கிறோம். நம்ம கரையில் அள்ளும் கட்டைக்கோரைப் பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் (கால்சியம் பட்டால் கெட்டியாகும் கூழ்ப்பொருள்) 2 சதவீதம். அதில் சாறும் எம்சி3டி3 செல்களும் (எலும்பு உண்டாக்கும் எலிச் செல்கள்) கலந்து, 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் சொட்டுச் சொட்டாக விட்டு மணியாக்குகிறோம். செல்கள் தாது படியவைக்க, வளர்ப்பு நீர்மத்தில் அஸ்கார்பிக் அமிலம் மில்லிக்கு 50 மைக்ரோகிராம், பீட்டா கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார்.

தாது படிந்ததா என்று பார்க்க 21ஆம் நாள் அலிசரின் சிவப்பு (கால்சியத்தைப் பிடித்துச் சிவப்பாகக் காட்டும் சாயம்) போட்டால் மணி முழுக்கச் செக்கச்செவேல். செல்லே இல்லாத வெறும் மணியும் அதே சிவப்பு! மணியைக் கட்டிவைத்திருக்கும் கால்சியமே சாயத்தைப் பிடிக்கிறது. மணியைக் கட்ட கால்சியத்துக்குப் பதில் பேரியத்துக்கு மாறினாலும் இதே கதைதான். கால்சியத்தை இழுத்துக்கொள்ளும் சிட்ரேட்டில் மணியைக் கரைத்தால் செல் படியவைத்த தாதுவும் சேர்ந்து போய்விடும்.

சாற்றை 0.22 மைக்ரான் வடிகட்டியில் கட்டாயம் வடிக்கணும். இல்லாவிட்டால் பிரண்டையின் ஆக்சலேட் ஊசிகள் மைக்ரோஸ்கோப்பில் மினுங்கி, தாது என்றே நம்பவைக்கும். (வெட்டும்போது கையில் அரிக்குமே, அதே ஊசி.) சாற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ கரைப்பான் 0.1 சதவீதம் தாண்டக் கூடாது.

இனி செல்களைத் தட்டின் அடியிலும், மணிகளை மேலே சல்லடைக் கிண்ணத்திலும் வைக்க யோசனை. 24 குழித் தட்டில் ஒரு குழிக்கு எத்தனை மணி போட்டீர்கள்? எத்தனை நாளுக்கு ஒருமுறை மணி மாற்றினீர்கள்? ஆஸ்டியோகால்சின் (எலும்பு செல்கள் முதிரும்போது சுரக்கும் புரதம்) மரபணு அளவைப் பார்த்தவர்கள் எந்த நாளில் செல்களை எடுத்தீர்கள்? மருந்து தெளிக்காத வேலியில் நாற்பட்டைப் பிரண்டை இருந்தாலும் சொல்லுங்கள், 2 கிலோ பச்சைத் தண்டு தேவை.