ஐடி கார்டு மட்டும் போதுமா? வீட்டு வாசலில் நிற்கும் வசூல் ஏஜென்ட்

வாசல்படி:
பக்கத்துத் திரியில ஒரு மேதை எழுதியிருக்கார்: "ஏஜென்ட் ஐடி கார்டு காட்டிட்டா உள்ள உட்கார வெச்சுப் பேசித்தான் ஆகணும்." யாருங்க இதைச் சொன்னது? ரிசர்வ் வங்கி 2008 ஏப்ரல் 24 சுற்றறிக்கையைப் படிங்க. ஐடி கார்டு, வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதம், உங்களுக்கு அனுப்பின நோட்டீஸோட நகல், மூணும் கையில இருக்கணும். கடிதத்துல ஏஜென்சியோட போன் நம்பரும் இருக்கணும். கிரில் கேட்டைப் பூட்டினபடியே வாங்கி போட்டோ எடுங்க. நோட்டீஸ்ல இருக்கிற ஏஜென்சியும் கார்டுல இருக்கிற ஏஜென்சியும் ஒண்ணான்னு பாருங்க. வங்கியோட இணையதளத்துல ஏஜென்சி பட்டியல் இருக்கும், அதுலயும் தேடுங்க. வந்தவர் நீட்டுற நம்பருக்குப் போன் போட்டு விசாரிக்காதீங்க, பாஸ்புக்ல இருக்கிற நம்பருக்குப் போடுங்க. கடிதம் இல்லையா? பேச்சே இல்லை.

டிஆர்ஏ தாஸ்:
அண்ணே, அந்தச் சுற்றறிக்கை வங்கிகளுக்குப் போட்டது. பைக் லோன், மொபைல் லோன் எல்லாம் பாதிக்கு மேல ஃபைனான்ஸ் கம்பெனியில போகுது. அங்க போய் 2008ஐ நீட்டினா சிரிப்பாங்க. ஐடி போதும்.

வாசல்படி:
2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கை வங்கிக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் சேர்த்துத்தான். மிரட்டக் கூடாது, நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தக் கூடாது, வீட்டு ஆளுங்களையும் ரெஃபரன்ஸ் கொடுத்தவங்களையும் தொந்தரவு பண்ணக் கூடாது, காலை 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7க்கு அப்புறமும் கூப்பிடக் கூடாது.

டிஆர்ஏ தாஸ்:
எல்லாம் சரி. அதுல கடிதம் எந்த வரியில இருக்கு?

தேன்மொழி:
நேரம்னு சொன்னதால ஒண்ணு. மகளிர் குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ் எல்லாத்துக்கும் 8–7 கிடையாது. அதுக்குன்னு தனியா இருக்கிற 2022 விதிப்படி காலை 9லேருந்து சாயங்காலம் 6 வரைதான். வசூல் நடக்க வேண்டியது ரெண்டு பக்கமும் பேசி முடிவு பண்ணின இடத்துல. தொடர்ந்து ரெண்டு தடவை அங்க வராம விட்டாத்தான் வீட்டுக்கு வரலாம். முதல் வாரமே வாசல்ல வந்து உட்கார்றது விதிமீறல்.

வாசல்படி:
நல்ல தகவல்மா. அவங்களும் கடிதத்தோடதான் வரணும்.

டிஆர்ஏ தாஸ்:
மறுபடியும் கடிதம்!

நியாயத்தராசு:
வாங்கும்போது இனிச்சுது, கட்டும்போது சட்டம் பேசுறீங்க. டிவியைத் தூக்கிட்டுப் போனாத்தான் புத்தி வரும்.

வாசல்படி:
வாங்க தராசு, உங்களைத்தான் காணோமேன்னு பார்த்தேன். பர்சனல் லோனுக்கும் கிரெடிட் கார்டுக்கும் டிவி ஈடு கிடையாது. ஏஜென்ட் அதைத் தொட்டா போலீஸ் கேஸ். கோர்ட்ல வழக்குப் போட்டு, டிகிரி, அதாவது தீர்ப்பாணை வாங்கி, கோர்ட் ஊழியரான அமீனாதான் ஜப்தி பண்ணணும். அமீனாவே வந்தாலும் உடுத்துற துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில்காரரோட கருவி, மத வழக்கப்படி கழட்டக் கூடாத தாலி மாதிரி நகை, இதையெல்லாம் எடுக்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60வது பிரிவு. அடமானம் வெச்ச வீடுன்னா 2002 சர்ஃபாசி சட்டம்: முதல்ல 60 நாள் நோட்டீஸ். நீங்க ஆட்சேபம் எழுதினா வங்கி 15 நாளுக்குள்ள பதில் தரணும். அதுக்கப்புறமும் சொத்தைக் கையகப்படுத்துற நடவடிக்கை எடுத்தா 45 நாளுக்குள்ள கடன் வசூல் தீர்ப்பாயம் போகலாம். விவசாய நிலத்தை இந்தச் சட்டத்துல தொடவே முடியாது. நாளைக்கே வீட்டுக்குப் பூட்டுப் போடுறேன்னு ஏஜென்ட் சொன்னா அது வெறும் உதார்.

டிஆர்ஏ தாஸ்:
வண்டியை விட்டுட்டீங்களே? ஒப்பந்தத்துல ரீபொசெஷன் ஷரத்து இருந்தா வண்டியை எடுக்கலாம். அதையும் சொல்லுங்க, ஒரு பக்கமாவே பேசாதீங்க.

வாசல்படி:
எடுக்கலாம், அடியாளை வெச்சு இல்ல. உச்ச நீதிமன்றம் 2007லயே கண்டிச்சாச்சு. எடுக்கிறதுக்கு முன்னாடி எத்தனை நாள் நோட்டீஸ், விக்கிறதுக்கு முன்னாடி கடைசி வாய்ப்பு எப்படி, ரெண்டும் ஒப்பந்தத்துலயே இருக்கணும். சாவியைப் பிடுங்குறவன்கிட்ட முதல்ல கேட்க வேண்டியது, கடிதம் எங்கே?

தேன்மொழி:
பணம் கொடுக்கிறதைப் பத்தி யாரும் பேசலையே. ஏஜென்ட் தன் சொந்த க்யூஆர் கோடைக் காட்டுவார். கடன் கணக்குக்கு மட்டும் கட்டுங்க. ரொக்கம்னா ரசீது கைக்கு வராம நோட்டைக் கொடுக்காதீங்க. ரசீதுல கடன் கணக்கு எண் இருக்கணும். இல்லேன்னா பணம் போயிடும், பாக்கி அப்படியே நிக்கும்.

நியாயத்தராசு:
அப்போ பாக்கி இருக்குன்னு ஒத்துக்கிறீங்க.

தேன்மொழி:
யாருங்க இல்லேன்னது?

வாசல்படி:
மிரட்டினா 112. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல அத்துமீறி நுழையறதுக்கு 329வது பிரிவு, மிரட்டலுக்கு 351. அதோட வங்கிக்கு எழுத்துல புகார் கொடுத்து எண் வாங்குங்க. 30 நாள்ல பதில் இல்லேன்னா, இல்ல பதில் சரியில்லேன்னா, வங்கி மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மன்கிட்ட போங்க. செலவே இல்லை. இன்னொண்ணு, புகார் நிலுவையில இருக்கிறவரை வங்கி அந்தக் கேஸை ஏஜென்சிக்குத் தள்ளக் கூடாதுன்னு அதே 2008 சுற்றறிக்கை சொல்லுது.

டிஆர்ஏ தாஸ்:
அடுத்த வரியை ஏன் முழுங்குறீங்க? சும்மா இழுத்தடிக்கிற புகார்னு வங்கிகிட்ட ஆதாரம் இருந்தா தள்ளலாம். ஜாமீன்தாரர் திரியிலயும் இப்படித்தான் பாதியை மட்டும் எழுதினீங்க. ரெஃபரன்ஸ் வேற, ஜாமீன் கையெழுத்து வேற. ஜாமீன் போட்டவர் கடன்காரர் அளவுக்கே பொறுப்புன்னு நான் வந்து சொல்ல வேண்டியதாச்சு.

வாசல்படி:
அந்தத் திரியில பதில் சொல்லாம ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். டிஆர்ஏ கோர்ஸ், அதாவது கடன் வசூல் ஏஜென்ட்டுக்கான பயிற்சி, பட்டதாரிக்கு 50 மணி நேரம், மத்தவங்களுக்கு 100. அத்தனை மணி நேரத்துல கடிதத்தை எடுத்துக்கிட்டுப் போடான்னு ஒருத்தர் கூடச் சொல்லித் தரலையா?

டிஆர்ஏ தாஸ்:
கோர்ஸை ஏன் இழுக்கிறீங்க? கேட்டது ஒரே கேள்வி. 2022 சுற்றறிக்கையில கடிதம் எந்த வரி?

தேன்மொழி:
ஆப் மூலமா வாங்கின கடன்னா, ஏஜென்ட் தொடர்பு கொள்றதுக்கு முன்னாடியே அவரோட விவரம் எஸ்எம்எஸ் இல்லேன்னா மின்னஞ்சல்ல வரணும். 2025 மே டிஜிட்டல் கடன் விதி. அங்க இந்தச் சண்டைக்கே வேலையில்லை.

வாசல்படி:
பார்த்தீங்களா, எஸ்எம்எஸ்னாலும் எழுத்துல இருக்கணும்னுதானே அர்த்தம்? அதைத்தான் காலையிலேருந்து கத்துறேன்.

டிஆர்ஏ தாஸ்:
எஸ்எம்எஸ் கடிதமா? சரி, வரி எண் வரட்டும், அப்புறம் பேசலாம்.

வாசல்படி:
நீங்க முதல்ல ஜாமீன் திரிக்கு வந்து பதில் போடுங்க.