குப்பாயம் வேறு, தோள்சீலை வேறு

முந்திரித்தோப்பு:
தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழாவை 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் நடத்தினார்கள். ஆனால் திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ 1814-லேயே, கிறித்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று ஆணையிட்டுவிட்டார். கைக்கு வந்துவிட்ட உரிமைக்காக, 1859-இல் மன்னரின் அறிக்கை வரும் வரை எதற்குப் போராட்டம்?

தென்குமரியான்:
ஐயா, குப்பாயம் என்பது சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிளை முஸ்லிம் பெண்களும் அணிந்த சட்டை. நம் பெண்கள் கேட்டது அதன்மேல் தோளில் போடும் சீலை. அந்தச் சீலையைப் போட்டவர்களைத்தான் கல்குளம் பகுதியில் வழிமறித்துத் துணியைக் கிழித்தார்கள். 1829 பிப்ரவரி அரச அறிக்கையும் குப்பாயத்தை அனுமதித்துவிட்டுத் தோள்சீலையைத்தான் தடுத்தது.

பழைய ஏடு:
மார்பை மறைப்பதே உரிமை. சட்டையா சீலையா என்பது வெறும் சொற்சண்டை. மிஷனரிகள் மட்டும் வராமலிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. முன்பு தலைவரி பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு யாரையும் பேச விடவில்லை.

தென்குமரியான்:
சொற்சண்டை என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? என் பாட்டி எண்பது வயதிலும், ஜாக்கெட்டின் மேல் முந்தானையைத் தோளில் போட்டு, மடிப்பை இரண்டு முறை நீவி, நுனியை இடுப்பில் செருகிய பிறகுதான் படியிறங்குவார். சட்டை போதாதா என்று அவரிடம் கேட்கும் துணிவு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இருந்ததில்லை. தோளில் கிடந்த சீலை உயர்சாதிப் பெண்களின் அடையாளமாக இருந்ததால்தான் அதை நமக்கு மறுத்தார்கள். குப்பாயம் வேறு, தோள்சீலை வேறு.

அன்புக்கொடி:
மன்றோவையும் மிஷனரிகளையும் விட்டால் உங்களுக்கு வேறு ஆளே தெரியாதா? சாமித்தோப்பில் அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். இன்றும் பதி என்னும் அந்த வழிபாட்டிடத்துக்குள் ஆண்கள் தலைப்பாகையோடுதான் நுழைகிறார்கள். அவர் 1851-இல் மறைந்தார், உங்கள் 1859 அறிக்கை அதற்குப் பிறகு வந்தது.

பழைய ஏடு:
தலைப்பாகை தோள்சீலை ஆகிவிடாது. சென்னை ஆளுநர் ட்ரெவெல்யன் நெருக்கியதால்தான் மன்னர் உத்திரம் திருநாள் 1859 ஜூலை 26-இல் இறங்கிவந்தார். அத்தோடு வழக்கு முடிந்தது.

அன்புக்கொடி:
அய்யாவின் பெயரைச் சொன்னாலே உங்களுக்குப் பொறுக்காது என்பது பழைய கதை.

தென்குமரியான்:
இருவரும் சற்றுப் பொறுங்கள். முடியவில்லை ஐயா, 1859-இலும் முடியவில்லை. சட்டை போடலாம், மீனவச் சாதியான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், எப்படியும் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்பதே அந்த அறிக்கை. தோளில் சீலை போடும் முறையை அப்போதும் மறுத்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

முந்திரித்தோப்பு:
அனுமதி அனுமதிதான். 1814 என்று நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

தென்குமரியான்:
மாற்ற வேண்டாம். இரண்டும் ஒன்றென்றால், 1829-இல் ஒன்றை அனுமதித்து மற்றதை ஏன் தடுத்தார்கள்? முதலிலேயே அதைச் சொன்னேன். அதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.