ஆஸ்பத்திரிப் பணிப்பகிஷ்கரிப்பு: கிளினிக் நோயாளி எங்கே போவது?

படுவான்கரையான்: நான் மண்டூர். போன கிளினிக்குக்கு அம்மாவைக் குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவையில்) ஏற்றிக் கூட்டி வந்தால் மருந்துக் கவுண்டர் பூட்டு. பணிப்பகிஷ்கரிப்பாம். அம்மாவுக்குப் பிரஷரும் சீனியும். வெளியில் பார்மசியில் வாங்கியதில் ஒரு நாள் கூலி போயிற்று. சம்பளம் கேட்பது பிழையில்லை. ஆனால் கொழும்பில் இருக்கிற அமைச்சரோடு உள்ள சண்டைக்கு நாங்கள் ஏன் அலைய வேண்டும்?

மட்டு மருந்தாளர்: அண்ணன், அம்மா பட்ட கஷ்டம் விளங்குகிறது. அவசர சிகிச்சை, பிள்ளைப்பேறு, சிறுவர் வாட்டு எதையும் நாங்கள் நிறுத்துவதில்லை. 2024 ஜனவரியில் வைத்தியர்களின் கொடுப்பனவு 35,000 ரூபாயால் கூடியது. அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பெப்ரவரியில் 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது பேச்சுக்கு முதல் இராணுவம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தது. கடிதம் எழுதியே காலம் போகிறது. கவுண்டர் பூட்டினால்தான் பேச்சுக்குக் கூப்பிடுகிறார்கள்.

சம்மாந்துறை நானா: 2021 ஜூலையில் ஒன்லைன் வகுப்பை நிறுத்திய ஆசிரியர்களில் நானும் ஒருவன். ஒக்டோபர் வரை நின்றோம், அப்புறம்தான் சம்பள முரண்பாட்டுக்குப் பணம் ஒதுக்கினார்கள். ஆகவே போராட்டத்துக்கு நான் எதிரியில்லை. ஆனால் விட்ட பாடத்தைப் பிறகு படிப்பிக்கலாம், விட்ட மாத்திரையைப் பிறகு விழுங்க ஏலாது. சுகாதாரத்தை அத்தியாவசிய சேவை என்று வர்த்தமானியில் போடுவது சரிதான்.

சட்டம் படிக்கிறவன்: நானா, அந்த வர்த்தமானி 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கச் சட்டத்தில் வருவது. அது வந்தால் வேலைக்கு வராமல் இருப்பதே குற்றம். அந்தச் சட்டம் வந்த அடுத்த வருசம், 1980இல், 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த 40,000க்கு மேற்பட்டவர்களை வேலையால் நீக்கினார்கள். எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது! இன்னொன்றையும் பாருங்கள். தனியார் துறையில் பிணக்கு வந்தால் 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குச் சட்டப்படி நடுத்தீர்ப்புக்கு, அதாவது பொதுவான ஒருவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதற்கு, போகலாம். அத்தியாவசியத் தொழில் என்றால் 21 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்தச் சட்டம் அரசாங்க ஊழியருக்குப் பொருந்தாது. நடுத்தீர்ப்பும் இல்லை, நிறுத்தினால் குற்றம் என்றால் அவர்கள் எந்தக் கதவைத் தட்டுவது?

படுவான்கரையான்: தம்பி, அந்த 21 நாளைத்தான் நான் கேட்கிறேன். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டால் சங்கமாவது மனசு வைக்கலாமே. கிளினிக் கொப்பியில் எங்கள் போன் நம்பர் இருக்கிறது.

மட்டு மருந்தாளர்: 21 நாள் முடியாது அண்ணன். அவ்வளவு அவகாசம் கொடுத்தால் மாற்று ஆளைப் போட்டுவிட்டுப் பேச்சை இழுத்தடிப்பார்கள். இரண்டு நாள் என்றால் கிளைக் கூட்டத்தில் நானே கேட்கிறேன்.

சம்மாந்துறை நானா: இரண்டு நாளில் போன் எடுத்துச் சொல்லலாம், மருந்து கொடுக்க ஏலாது தங்கச்சி. பேச்சு முறிகிற மாதிரித் தெரிந்தால் அதற்கு முந்திய கிளினிக்கிலேயே இரண்டு மாத மருந்தைக் கொடுத்துவிடுங்கள். அதைச் செய்துவிட்டுக் கவுண்டரைப் பூட்டுங்கள், நானும் வந்து உங்களோடு கேற்றடியில் நிற்கிறேன்.