பில்டர் கட்டிய ‘இன்ஃப்ரா சார்ஜ்’ எங்கள் ரோட்டுக்கு வருமா, வராதா?

நாலாவது மாடி (கேள்வி)

எங்கள் அப்பார்ட்மென்ட் சென்னை ஓஎம்ஆரிலிருந்து (பழைய மகாபலிபுரம் சாலை) ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, ஊராட்சிப் பகுதி. ஊர் பெயர் வேண்டாம். 96 வீடு. நான் சங்கத்துப் பொருளாளர். கூட்டத்தில் யாரும் கை தூக்காததால் என் தலையில் விழுந்தது.

கேட்டுக்கு உள்ளே பேவர் பிளாக், விளக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கும். கேட்டைத் தாண்டினால் 400 மீட்டருக்கு மண் ரோடு. 18 அடி அகலம், டிரான்ஸ்பார்மர் வளைவில் 14 அடிதான். மழை பெய்தால் ஸ்கூல் வேன் முனையிலேயே நின்றுவிடும். தண்ணி லாரிக்காரர் லோடுக்கு 200 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார், "ஸ்பிரிங் பட்டை ஒடிஞ்சா யார் சார் தருவா?" என்கிறார், நியாயம்தான். இரண்டு வருஷம் முன்னால் வீட்டுக்கு 1,500 வசூலித்து, மொத்தம் 1,44,000 ரூபாய்க்கு ரப்பீஸும் (கட்டட இடிபாடு) கிராவலும் கொட்டினோம். அந்த டிசம்பரிலேயே பாதி ஓடைக்குப் போய்விட்டது.

இப்போது விஷயம். வீடு வாங்கும்போது பில்டர் கொடுத்த காஸ்ட் ஷீட்டில் ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர் சார்ஜ், சதுர அடிக்கு 75 ரூபாய்’ என்று ஒரு வரி. என் 1,080 சதுர அடிக்கு 81,000 ரூபாய் கொடுத்தேன். கேட்டால், "அதெல்லாம் கவர்ன்மென்ட்டுக்குக் கட்டிட்டோம் சார், ரோடு அவங்க போடணும்" என்கிறார்கள். ஊராட்சியில் கேட்டால் "எங்களுக்கு ஒரு பைசா வரல." பணம் எங்கேதான் போனது?

பழைய டிராஃப்ட்ஸ்மேன்

பிளானிங் ஆபீஸ் ஒன்றில் 30 வருஷம் மேப் போட்டவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 75 ரூபாயை மறந்துவிடுங்கள். பில்டர் உங்களிடம் வாங்குவதும் அரசாங்கம் பில்டரிடம் வாங்குவதும் ஒரே பெயரில் இருப்பதுதான் குழப்பமே. பில்டரின் ‘இன்ஃப்ரா’வுக்குள் ஈபி டெபாசிட், எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு), ஜெனரேட்டர் என்று எதை வேண்டுமானாலும் போட்டிருப்பார்கள். அரசாங்கத்துக்கு எவ்வளவு கட்டினார்கள் என்பது சலானில்தான் தெரியும்.

அரசாங்கம் வாங்குவது வேறு கதை. 1971-ம் வருஷத்து நகர ஊரமைப்புச் சட்டத்தின்படி மேம்பாட்டுக் கட்டணம் ஒன்று. 2008-ல் விதிகள் வந்த உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் இன்னொன்று. ஆபீஸில் ‘ஐ அண்ட் ஏ’ என்போம். பெரிய கட்டடங்களுக்குத் தளப் பரப்பை வைத்துப் போடுவார்கள். அந்தப் பணம் மாநில நிதி ஒன்றில் சேரும், எந்தத் திட்டத்துக்கு எடுப்பது என்பது மேலே முடிவாகும். உங்கள் கேட்டிலிருந்து வந்த பணம் உங்கள் கேட்டுக்கே திரும்ப வேண்டும் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. ஆக, ஊராட்சிக்காரர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

பில்டரிடமிருந்து ரோட்டுக்கு நேராக வருவது பணம் இல்லை, நிலம். சாலை விரிவாக்கத்துக்கு என்று வரைபடத்தில் காட்டிய பட்டையைத் தானப் பத்திரம் போட்டு உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால் ஓஎஸ்ஆர், அதாவது பொதுத் திறந்தவெளிக்கு விட வேண்டிய பத்து சதவீதமும் அப்படித்தான்.

அதனால் பணத்தை விடுங்கள். அந்த 400 மீட்டர் யாருடைய நிலம் என்று பாருங்கள். எஃப்எம்பி ஸ்கெட்சும் (சர்வே நம்பர் வாரியான நில அளவை வரைபடம்) ஏ-ரிஜிஸ்டரும் (நிலம் யாருடையது, என்ன வகை என்ற வருவாய்த் துறைப் பதிவேடு) ஆன்லைனில் கிடைக்கும், வில்லங்கமும் இலவசமாகப் பார்க்கலாம். நடுவில் ஒரு துண்டு பட்டா நிலமாக இருந்தாலும் அதன்மேல் ஊராட்சி செலவு செய்யாது, ஆடிட்டில் மாட்டும். என் அனுபவத்தில் பத்து ரோட்டில் ஏழு இதனால்தான் நிற்கிறது.

ஹாரோ தமிழன்

நான் இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் பிளானிங் பிரிவில் இருக்கிறேன். இங்கே 1990-ம் வருஷச் சட்டத்தின் 106-வது பிரிவில் பில்டரோடு தனி ஒப்பந்தம் போடுவோம். இன்ன ஜங்ஷனுக்கு இவ்வளவு, இத்தனையாவது வீட்டில் ஆள் குடியேறுவதற்குள் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்தக் கட்டுமானத்தோடு நேரடித் தொடர்பு இல்லாத வேலைக்குக் கேட்கவே முடியாது. குறித்த காலத்துக்குள் செலவாகாத பணத்தைத் திருப்பிக் கேட்க ஒப்பந்தத்திலேயே இடம் வைப்பார்கள். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று கவுன்சில் வருஷா வருஷம் வெளியிட வேண்டும்.

இதைக் கேட்டு ஏங்க வேண்டாம். "எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்று கணக்கைக் காட்டித் தொகையைக் குறைக்கும் பில்டர்கள் இங்கேயும் தாராளமாக உண்டு.

கோவைக்காரன்

எந்த ஊர் பில்டரும் தன் கையிலிருந்து கொடுப்பதில்லை. எல்லாம் சதுர அடி ரேட்டில் ஏறி நம் இஎம்ஐயில்தான் வருகிறது.

எங்கள் தெருவுக்கு அரசாங்கத்தின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நாங்களே கட்டி ரோடு வாங்கினோம். கடைசி இரண்டு வீட்டுக்காரர்களிடம் பணம் வாங்குவதற்குள் ரோடே பரவாயில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அதற்கும் நிலம் பொது நிலமாக இருக்க வேண்டும், டிராஃப்ட்ஸ்மேன் சார் சொன்ன மாதிரி.

நாலாவது மாடி

டிராஃப்ட்ஸ்மேன் சாருக்குப் பெரிய கும்பிடு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதிலேயே போனது, வீட்டில் திட்டு.

ஓஎம்ஆர் பக்கத்து முனையிலிருந்து முதல் 250 மீட்டர் வண்டிப்பாதைப் புறம்போக்கு. எங்கள் காம்பவுண்டை ஒட்டிய 60 மீட்டர், பில்டர் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் போட்டது. அது வில்லங்கத்தில் வருகிறது. நடுவில் கிட்டத்தட்ட 90 மீட்டர், டிரான்ஸ்பார்மர் வளைவு உட்பட, இன்னும் பழைய நிலக்காரர் பெயரில் பட்டா. அந்த இடத்தில்தான் எங்கள் 1,44,000 ரூபாய் கிராவல் கொட்டினோம்!

சர்வே நம்பரைக் காட்டியதும் ஊராட்சிச் செயலர், "இதைத்தான் சார் உங்க பழைய செக்ரட்டரிகிட்டயும் சொன்னேன்" என்றார்.

நிலக்காரர் ஊரிலேயே இருக்கிறார். பெரியவர், கோபக்காரர் இல்லை. "கேட்டிருந்தா அப்பவே எழுதிக் கொடுத்திருப்பேனே, பில்டர் எனக்கு இன்னும் பாக்கி தரணும் தம்பி" என்றார். எவ்வளவு பாக்கி என்று கேட்டேன். காபி வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது.

பழைய டிராஃப்ட்ஸ்மேன்

தம்பி, அந்தப் பாக்கிக்குள் நீங்கள் போகாதீர்கள். பட்டாவில் கூட்டுப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தம்பிமார் கையெழுத்தும் தேவைப்படும். பெரியவர் சம்மதித்தால் பத்திரம் ஊராட்சி பெயருக்குத்தான் போக வேண்டும், சங்கத்தின் பெயருக்கு இல்லை. அக்டோபர் 2 கிராம சபையில் 400 மீட்டரையும் சேர்த்து ரோடு கேட்டுத் தீர்மானம் வையுங்கள். பில்டர் என்ன கட்டினார் என்பதற்கு 10 ரூபாயில் ஒரு ஆர்டிஐ தனியாகப் போடலாம், அவசரம் இல்லை.

நாலாவது மாடி

கூட்டுப் பட்டாதான் சார். மூன்று பேர். ஒருவர் துபாயில்.