புதுப்பிப்பு: உப்புவெளி எம்ஜிபி, வாங்கலாமா என்று கேட்டதன் முடிவு

உப்புவெளியில் விற்பனைக்கு நின்ற 1969 எம்ஜிபி ரோட்ஸ்டரின் (கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் கார்) படங்களைப் போட்டு, வாங்கலாமா என்று யோசனை கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன், ஆனால் விற்றவர் சொன்ன விலைக்கு இல்லை.

கைகொடுத்தது ‘துருப் பார்க்கக் காந்தம் போதாது, ஜாக்கி போட்டுப் பாருங்கோ’ என்று பதில் எழுதிய ஓர் அண்ணையின் யோசனைதான். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பகுதியான ‘சில்’லில் (சக்கரம் இல்லை) காந்தம் ஓரளவு ஒட்டத்தான் செய்தது, ஆனால் ஜாக்கியில் தூக்கியதும் இடப்பக்கக் கதவின் இடைவெளி ஒடுங்கி, கதவு இறுகிவிட்டது, திறக்கவே முடியவில்லை. இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, சில்தான் பாரத்தைத் தாங்குகிறது, அது உள்ளே உக்கினால் நடு உடம்பு தொய்யும். கடற்காற்று ஊரில் இது புதுசா என்ன! விற்றவரும் பக்கத்தில் நின்று பார்த்ததால் விலைப்பேச்சு சுலபமாக முடிந்தது.

எதிர்பாராதது ஒன்று. அக்சிலரேட்டரை மிதித்தால் திணறியதே, எஞ்சினே போச்சு என்று சிலர் பயமுறுத்தினீர்கள். எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் இரண்டு எஸ்யூ காபரேட்டர்களின் மேல்மூடியையும் கழற்றினால், எண்ணெயில் நிற்கவேண்டிய டாம்பர் தண்டு காய்ந்து கிடக்கிறது, எண்ணெய் துளிகூட இல்லை. 20டபிள்யூ50 எஞ்சின் எண்ணெய் விட்டேன், நிலாவெளி றோட்டில் இப்போது திணறலே இல்லை.

அப்புறம், உங்களுக்கும் இந்த வேலை வந்தால், உக்கிய சில்லை வெட்டுமுன் கதவு வாசலுக்குக் குறுக்குக் கம்பி போடும்படி வேலை செய்பவரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உடம்பு கோணிவிடும். வேலை தொடங்கியதும் படம் போடுகிறேன்.