குறையா, குறுக்கமா, சுருக்கா: ‘யப்பி’ வகைப் பெயர்களுக்கு ஒரு கலைச்சொல்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். சமூக மொழியியல் பாடநூலின் ஓர் இயலை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. நகர்ப்புறத்து இளம் உயர்தொழிலர் எனப் பொருள்தரும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளோடு ‘ஹிப்பி’யின் ஈறு சேர்ந்து 1980களில் பரவிய ‘யப்பி’, இருவருக்கும் வருமானம் உண்டு, பிள்ளை இல்லை என்னும் இணையரைச் சுட்டும் ‘டிங்க்’, இணையத் தமிழில் உடன்பிறப்பு ‘உபி’ ஆனதும் ரத்தத்தின் ரத்தம் ‘ரர’ ஆனதும் போன்ற பெயர்களுக்கெல்லாம் பொதுவான ஒரு கலைச்சொல் தேவை. ‘குழூஉக்குறி’ என்று எழுதிவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

மடல் 2: இலக்கண ஆசிரியர்

மனம் ஒப்பாதது சரியே. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது பிறர் அறியாதிருப்பதற்காக. ‘யப்பி’யோ மறைக்க வந்த சொல்லன்று, காட்ட வந்த சொல், அதுவும் பெரும்பாலும் வெளியில் நிற்பவர் சூட்டுவது. மரூஉ என்றும் கொள்ள முடியாது. தஞ்சாவூரைத் தஞ்சை ஆக்க வேண்டுமென்று யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ‘உபி’யை ஒருவர் வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார். எழுத்துக் குறைந்து நிற்பதற்குத் தலைக்குறை, இடைக்குறை, கடைக்குறை என்ற பெயர்கள் நம்மிடம் உள்ளன. தொல்காப்பியர் எச்சவியலில் ‘குறைச்சொற் கிளவி’ என்கிறார். ‘குறைத்தன ஆயினும் நிறைப்பெயர் இயல’, அதாவது குறைத்தாலும் அவை முழுப்பெயரின் பொருளே தரும் என்று அடுத்த நூற்பாவிலேயே அதன் பொருளுக்கும் காப்பு அளிக்கிறார். ஆகவே ‘குறைப்பெயர்’ என்பதே என் பரிந்துரை.

மடல் 3: கல்லூரி ஆசிரியை

ஐயா, மக்களைச் சுட்டும் பெயரைக் ‘குறைப்பெயர்’ என்று வகுப்பில் சொன்னால், மாணவர்கள் அதைக் குறைகூறும் பெயர் என்றே எழுதிக்கொள்வார்கள். சூட்டுபவர் வெளியார் என்பதும் முழு உண்மையன்று. ‘உடன்பிறப்பே’ என்பது கலைஞர் தம் முரசொலிக் கடிதங்களில் தொண்டரை விளித்த சொல்; அதைக் கேலியாக வெட்டியவர்கள் இருந்தார்கள், இன்று தம்மைத் தாமே ‘உபி’ என்று எழுதிக்கொள்வோரும் இருக்கிறார்கள். நான் ‘குறுக்கப்பெயர்’ என்பேன். நீங்கள் காட்டிய குறைச்சொற் கிளவிக்கு முந்தைய நூற்பா ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்பதையும், அதாவது காலத்தோடு வழக்கில் வந்த சொல்லை விலக்க வேண்டியதில்லை என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

மடல் 4: இலக்கண ஆசிரியர்

நூற்பா நினைவில் இருக்கிறது, அம்மா. ஆனால் குறுக்கம் என்பது மாத்திரை குறைவது. ஐகாரக் குறுக்கத்தில் எழுத்து அங்கேயே இருக்கும், ஒலிக்கும் அளவுதான் குறையும். ‘உபி’யிலோ உடன்பிறப்பின் ஏழெழுத்தில் ஐந்து போய்விட்டன. குறையைக் குறை என்று சொல்வதில் மாணவர்களுக்கு என்ன மனத்தாங்கல்?

மடல் 5: அகராதிப் பணியாளர்

எந்தச் சொல்லை எடுத்தாலும், இப்பெயர்கள் ஏன் நிலைக்கின்றன என்பதற்கு அதில் இடம் வேண்டும். வெட்டிய வடிவம் ஒரே மூச்சில் சொல்ல வருவதாக இருக்க வேண்டும். முன்பே பழகிய சொல்லின் அச்சில் விழுந்தால் இன்னும் நல்லது. ஹிப்பி இல்லாமல் யப்பி இல்லை. நாடோடி, வாயாடி என்று வினைமுதலை இகரத்தில் முடித்துப் பழகிய நம் காதுக்கும் அந்த ஈறு உறுத்துவதில்லை. அமெரிக்க வெள்ளையரில் ஆங்கிலோ சாக்சன் வழிவந்த புராட்டஸ்டண்டுகளைச் சுட்டும் ‘வாஸ்ப்’ என்பதற்குக் குளவி என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. கொட்டும் பெயரை யார் மறப்பார்? ‘உபி’க்கு அப்படியொரு பேறு இல்லை. நடுவில் புள்ளி விழுந்தால் அது உத்தரப் பிரதேசம் ஆகிவிடுகிறது. நாளடைவில் விரிவு மறந்து, காரணப்பெயர் இடுகுறிபோல வழங்கத் தொடங்குகிறது. அப்போதுதான் பெயர் உண்மையில் வேரூன்றுகிறது என்பேன்.

ஆகவே ‘சுருக்குப்பெயர்’ என்று முன்மொழிகிறேன். கயிற்றில் போடும் சுருக்கும் இதில் அடங்கும். மாட்டியவர் எளிதில் கழற்ற முடியாது. சுருங்கு, சுருள், சுருட்டு எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைக்கிறேன். அந்தச் சுருட்டுதான் ஆங்கிலத்துக்குப் போய் ‘செரூட்’ ஆயிற்று.

மடல் 6: கல்லூரி ஆசிரியை

சுருட்டை இத்தோடு அணைத்துவிடலாம். ‘சுருக்குப்பெயர்’ எனக்கு உடன்பாடே. மாணவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

மடல் 7: மொழிபெயர்ப்பாளர்

இதுவரை மூவர் ‘சுருக்குப்பெயர்’ பக்கம், ஒருவர் ‘குறைப்பெயர்’ பக்கம், மற்றவர்கள் மௌனம். காலம் இல்லாததால் ‘சுருக்குப்பெயர்’ என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறேன்.

மடல் 8: இலக்கண ஆசிரியர்

பெரும்பான்மையை மறுக்கவில்லை, ஓர் ஐயத்தை மட்டும் பதிவு செய்கிறேன். 1967 டிசம்பர் கடைசி நாளில் அமெரிக்கப் போர் எதிர்ப்பாளர் சிலர் தமக்கு ‘யிப்பி’ என்று பெயரிட்டுக்கொண்டார்கள். ‘இளைஞர் பன்னாட்டுக் கட்சி’ என்னும் விரிவு அந்த எழுத்துகளுக்கு ஏற்பப் பின்னர் கட்டப்பட்டது. தொகை முந்தி, விரி பிந்தி வந்த அந்தப் பெயரில் எதைச் சுருக்கினார்கள்? என் குறைப்பெயரும் அங்கே நில்லாது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். உங்கள் இயலில் ‘யிப்பி’ வருகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.